காடியில் கிடந்த பிள்ளை

வன்னியபெருமாளிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வாய் வலித்துவிடும். ஏரலுக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் இருக்கும் அவனுடைய ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. மாட்டோடு பேசுவான், வண்டியோடு பேசுவான், மழையில் நனைந்த வைக்கோலைப் பார்த்து நாள் முழுக்கப் புலம்புவான். மனிதர்கள் எதிரே வந்து நின்றால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கயத்தாற்றுக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்ட நாலு கேள்விக்கும் "ஆமா" என்றே பதில் சொன்னானாம். நாலாவது கேள்வி, குடிப்பழக்கம் உண்டா என்பது. அப்படியும் தங்கத்தாயைக் கொடுத்தார்கள் என்றால் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருக்க வேண்டும். கள்ளம் ஒட்டாத முகம் அது.

ஆற்றுப் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர் வயல், ஒரு ஜோடிக் காளை, ஒரு பசு. இவ்வளவுதான் அவனுக்குச் சொத்து. அறுவடை முடிந்தால் ஊரார் வைக்கோலையும் சேர்த்து வண்டி கொள்ளாமல் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவான். துறைமுகத்துக்கும் உப்பு அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளுக்கும் பாரம் இழுக்கிற மாடுகள் அங்கே ஏராளம். அவை தின்பதற்குக் கடற்கரை மணலில் என்ன முளைக்கும்? விடியும் முன் புறப்பட்டால் முக்காணிப் பாலம், பழையகாயல், உப்பளங்கள் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, உச்சிவெயில் சாய்ந்த பிறகு ஊருக்குள் நுழைவான்.

அப்படிப் போன ஒரு மார்கழித் தூறலில், மீனவர்கள் குடியிருக்கும் தெரு ஒன்றில் அவன் வண்டியின் கடையாணி கழன்று விழுந்தது. சக்கரம் ஒருபக்கம், வண்டி ஒருபக்கம், வைக்கோல் பாதி சேற்றில். சங்கு குளிக்கிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து தோள் கொடுத்து வண்டியை நிமிர்த்தினார்கள். கைம்மாறாக என்ன செய்யலாம் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அந்தத் தெருவில் சிலுவை நட்ட சின்னக் கோயில் ஒன்று உண்டு, குருசடி என்பார்கள். அதன் சாவியை வைத்திருந்த ஆக்னஸம்மாள் தானாகவே கேட்டாள். கிறிஸ்து பிறப்புக்குக் குடில் போட வேண்டும், இரண்டு கட்டு வைக்கோல் தருவாயா என்று. அவன் ஐந்து கட்டு இறக்கிப் போட்டான்.

அதிலிருந்து பத்து வருஷமாக ஓர் ஏற்பாடு. குடிலுக்கு வைக்கோல் வன்னியபெருமாளுடையது. ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைக்கும்போது அதே வைக்கோலை அவன் திருப்பி எடுத்துக்கொள்வான். சேசுபாலன் படுத்த வைக்கோலைத் தின்றால் பசுவுக்கு மடி நிறையும் என்று ஆக்னஸம்மாள் அடித்துச் சொன்னாள். அவனும் நம்பினான். அவனுக்குக் குலதெய்வம் சுடலைமாடன்தான். ஆனாலும் மாட்டுக்கு ஒரு நல்லது வருகிறதென்றால் எந்தச் சாமியையும் அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் அவனால் அந்தத் தெருவுக்கு வந்தது. ஆற்றங்கரை ஊர்களில் விதைநெல்லைச் சாக்கில் கட்டிவைக்க மாட்டார்கள். வைக்கோலை வட்டமாக விரித்து, நெல்லை நடுவில் குவித்து, வைக்கோலாலேயே பிரி திரித்து, பந்து மாதிரி சுற்றி இறுக்குவார்கள். கோட்டை என்று அதற்குப் பேர். எலி அண்டாது, ஈரம் இறங்காது. குடிலில் வைக்கும் சுரூபங்களை, அதாவது சிலைகளை, பெட்டியில் வைத்து எடுக்கும்போது வருஷா வருஷம் யாருக்காவது மூக்கு உடைகிறது என்று ஆக்னஸம்மாள் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வன்னியபெருமாள் ஒன்றும் பேசாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சூசையப்பர் சிலையைத் தூக்கி மடியில் வைத்து, கோட்டை கட்டிவிட்டான். அன்றிலிருந்து மாதாவும் இடையர்களும் ராஜாக்களும் அடுத்த மார்கழி வரைக்கும் கோட்டைக்குள்தான் உறங்குவார்கள். மொத்தம் பன்னிரண்டு கோட்டை. கடைசியாகக் கட்டுவது பாலனை. ஒன்றரைச் சாண் நீளம், மரத்தில் கடைந்தது, கண்ணாடிக் கண்கள், ஒரு கை மேலே தூக்கினபடி இருக்கும்.

இனி சொல்லப் போவதற்குக் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

1973ஆம் வருஷம் ஆவணி மாதம், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, தங்கத்தாய்க்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அந்த வீட்டில் வன்னியபெருமாளின் அக்காள் சண்முகத்தாயும் இருந்தாள். புருஷனை இழந்தபின் தம்பியோடு வந்து தங்கிவிட்டவள். அவளும் மருத்துவச்சியும் ஒரு முடிவெடுத்தார்கள். தாய்க்குக் காட்ட வேண்டாம், பார்த்தால் மனசு விட்டுவிடுவாள் என்று. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அந்தப் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். தங்கத்தாய் அரை மயக்கத்தில் கையை நீட்டியபோது பிள்ளை துணிக்குள் போயிருந்தது. துணியை வாங்கிக்கொண்டு கொல்லை வழியாக ஆற்றங்கரைக்கு நடந்தவன் வன்னியபெருமாள். "ஒரு தடவ" என்று உள்ளேயிருந்து அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. தங்கத்தாய் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கொடுத்தால் சாப்பிட்டாள், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. அதே வாரத்தில் பசு கன்று போட்டிருந்தது. கன்றின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முந்தானையை எடுத்துக் காதை மூடிக்கொள்வாள். தொழுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் இப்படி. வன்னியபெருமாள் காளைகளிடம்கூடப் பேசுவதை விட்டுவிட்டான்.

அந்த வருஷமும் குடிலுக்கு வைக்கோல் போயிற்று. கொடுத்த வாக்கு. ராஜாக்கள் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலையில் குடிலைக் கலைத்தார்கள். வன்னியபெருமாள் ஒவ்வொரு சுரூபமாகக் கோட்டை கட்டிக் கொடுக்க, ஆக்னஸம்மாள் வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். ஓர் இடையன் தோளில் இருந்த ஆட்டுக்குட்டி அந்த வருஷம் கழன்று தனியாக வந்துவிட்டது. அதற்கும் சின்னதாக ஒரு கோட்டை கட்டினான். கடைசியில் பாலனைக் கட்டி முடித்துப் பக்கத்தில் வைத்தபோது படபடவென்று மழை பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் மழை வரும் என்று யார் கண்டார்கள்? தெருவே ஓடிவந்தது. பத்துக் கைகள் பெட்டியை உள்ளே தூக்கின, பத்துக் கைகள் வைக்கோலை வாரி வண்டியில் போட்டுத் தார்ப்பாய் விரித்தன. ஆக்னஸம்மாள் பெட்டிக்குள் கைவிட்டு எண்ணினாள். பன்னிரண்டு. சரியாக இருந்தது. பூட்டிவிட்டாள்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று ஆட்டுக்குட்டி என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சண்முகத்தாய் களை பறிக்கப் போய்விட்டாள். வன்னியபெருமாள் தொழுவுக்குப் போய், குடில் வைக்கோலை வாரி வாரிக் காடியில் போட்டான். பசுவுக்குத் தீவனம் போடுகிற கல்தொட்டிதான் காடி. இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. என்ன அள்ளினோம் என்றுகூடப் பார்க்கவில்லை. காளைகளை அவிழ்த்து ஆற்றுக்கு ஓட்டிப் போய்க் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பும்போது வெயில் வந்துவிட்டது. தொழுவை நெருங்கியவன் அப்படியே நின்றான். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஐந்து மாதமாகக் கேட்காத குரல் அது.

சத்தம் போடாமல் போய் எட்டிப் பார்த்தான். காடிக்கு முன்னால் தங்கத்தாய் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பசு மூக்கால் முட்டி முட்டிக் கோட்டையின் பிரியைத் தின்று அவிழ்த்திருந்தது. வைக்கோலுக்கு நடுவில் பாலன் மல்லாந்து கிடந்தான். பசுவின் மூச்சு அவன்மேல் ஆவியாக இறங்கிக்கொண்டிருந்தது. கன்று தாயின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றது. கூரை ஓட்டில் ஓர் ஓடு உடைந்து ரொம்ப நாளாயிற்று. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று வன்னியபெருமாள் சோம்பலில் விட்டிருந்த ஓடு. அந்த ஓட்டை வழியாக இறங்கிய வெயில் நேராகப் பிள்ளையின் முகத்தில் விழுந்து, கண்ணாடிக் கண்கள் இரண்டும் உயிரோடு இருப்பதுபோல் மின்னின. தூக்கின கை தங்கத்தாயைத் தொடுகிற தூரத்தில் இருந்தது.

பத்து வருஷமாக அந்தக் குடிலுக்கு வைக்கோல் கொடுத்தவன் அன்றைக்குத்தான் அந்தக் குடிலைப் பார்த்தான். தூத்துக்குடியில் பார்த்ததெல்லாம் காகித மலை, சாயம் பூசின மாடு, சீரியல் லைட். இங்கே சாணி வாசனை அடித்தது, ஈ மொய்த்தது, மாடு அசை போட்டது. கடவுள் பிறந்தது தொழுவில் என்று ஆக்னஸம்மாள் சொன்னபோதெல்லாம் அவன் சும்மா தலையாட்டியிருக்கிறான். இப்படிப்பட்ட இடத்திலா, என் வீட்டு மாதிரி ஓர் இடத்திலா என்று இப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. கூப்பிடாமல், சொல்லாமல், வைக்கோல் கட்டோடு வைக்கோல் கட்டாக வந்து, யாருமே தேற்ற முடியாத ஒருத்தியின் முன்னால் ஒரு சாமி படுத்துக் கிடக்கிறது. காளைகளின் கயிறு கையிலிருந்து நழுவியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

தங்கத்தாய் திரும்பிப் பார்த்தாள். பசு ஓயாமல் கத்தியதாம், அதட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி முந்தானையில் சுற்றினாள். அது கடற்கரைக்காரர்களின் சாமி, மரத்தில் செய்தது என்று அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"மரம்னு எனக்குத் தெரியாமலா இருக்கு?" என்றாள் அவள். "ஆனா எங்கையில வந்துருக்குல்லா."

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் அவள் அடுப்பு மூட்டினாள். தலைக்குக் குளித்தாள். பாலனுக்கு எண்ணெய் தொட்டு வைக்கோல் தூசியைத் துடைத்தாள், பழைய வேட்டியைக் கிழித்துத் துணி சுற்றினாள். பித்துப் பிடித்தவள் மாதிரி எதுவும் செய்யவில்லை. தாலாட்டவில்லை, பால் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அப்படி உட்கார்ந்திருக்கும்போது சில நேரம் கண்ணீர் ஓடும். ஐந்து மாதமாக வராத கண்ணீர். கன்று கத்தினால் எழுந்துபோய்க் கழுத்தைச் சொறிந்துவிட்டு வருவாள். பொங்கலுக்கு வாசலில் கோலம் விழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் இருவராக வந்து பார்த்தார்கள். முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

சண்முகத்தாய்க்கு மட்டும் பயம். அடுத்தவன் கோயில் சாமியை வீட்டில் வைத்திருப்பது நல்லதில்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று தம்பியை அரித்தெடுத்தாள். கொடுக்க வேண்டும் என்பது வன்னியபெருமாளுக்கும் தெரியாதா என்ன? ஆனால் எப்படிக் கொடுப்பது? அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு கொல்லை வழியாக அவன் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறான். இன்னொருமுறை நடக்கக் கால் வருமா? இந்தப் பிள்ளையும் போனால் அவள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாள். பெட்டியோ பூட்டிக் கிடக்கிறது; அடுத்த கிறிஸ்து பிறப்பு வரை யார் திறக்கப் போகிறார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். பொங்கல் கழிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போனபோது அந்தத் தெருவுக்குள் திரும்பாமல், முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு சுற்றிப் போனான். கள்ளம் ஒட்டாத முகத்துக்கு வந்த நிலையைப் பாருங்கள்.

தை மாதம் பாதியில் மறுபடி போனபோது ஆக்னஸம்மாளே வண்டிப்பேட்டைக்கு வந்து அவனைப் பிடித்துவிட்டாள். மீன் வாங்கின கூடையோடு வந்தவள், அவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, வருகிற சனிக்கிழமை பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாள். பிறந்து நாற்பதாவது நாள், மாதா பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்க் கடவுளுக்கே காணிக்கையாகக் கொடுத்தாள் அல்லவா, அந்தத் திருநாள். வழக்கமாகப் பெரிய கோயிலில் மெழுகுதிரி மந்திரிப்பதோடு முடிந்துவிடும். இந்த வருஷம் பெரிய கோயில் சாமியார் குருசடிக்கே வருகிறார். பெட்டியைத் திறந்து மாதாவையும் பாலனையும் வெளியே எடுத்து, தெரு முழுக்க முத்தி செய்யப் போகிறது. பாலனின் பாதத்தில் முத்தமிடுவதைத்தான் அவர்கள் முத்தி என்பார்கள்.

"தெனமும் காலைல பெட்டியத் தொட்டுக் கும்புடுதேன் பெருமாளு," என்றாள் ஆக்னஸம்மாள். "உள்ள சேசுபாலன் ஒறங்குதாருன்னு நெனச்சாலே எனக்கு அன்னைக்குப் பூரா தெம்பா இருக்கு."

வன்னியபெருமாளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பாலன் இல்லாத பெட்டியை அந்த மனுஷி தினமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தலையை ஆட்டினான். என்னத்துக்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து தங்கத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். தன் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது அன்றுதான். கடைசியில், மழையில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று இருக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ வைத்துக்கொள் என்றான். ஆக்னஸம்மாளிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். அவளுக்காக அந்தப் பாவத்தையும் சுமக்க அவன் தயாராக இருந்தான்.

தங்கத்தாய் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, இந்தப் பிள்ளைக்குத் தாய் சிலை உண்டா என்று கேட்டாள். உண்டு, மாதா என்பார்கள், அவளையும் நான்தான் கோட்டை கட்டிப் பெட்டியில் வைத்தேன் என்றான்.

"அப்போ அவ அந்தப் பெட்டிக்குள்ள கெடந்து தேடிக்கிட்டுல்லா இருப்பா," என்றாள் தங்கத்தாய்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. சனிக்கிழமை விடியும் முன் வண்டியைப் பூட்டுங்கள் என்றாள். வன்னியபெருமாள் பூட்டினான். பாரமில்லாத வண்டி, காளைகள் ஓட்டமாகவே போயின. தன் கையால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது இந்த மடி காலியாக இருக்குமே, அப்போது என்ன ஆகும் என்ற பயம் இருபது மைலும் அவன் கூடவே வந்தது. பழையகாயல் தாண்டி உப்பளங்களில் ஆட்கள் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குருசடியில் கூட்டம் நிறைந்து வெளியே பந்தல் வரைக்கும் நின்றது. சாமியார் பீடத்தருகே இருந்தார். ஆக்னஸம்மாள் அப்போதுதான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். மாதாவின் கோட்டையை அவிழ்த்து வெளியே எடுத்து வைத்தாள். பிறகு சின்னக் கோட்டையைத் தேடி எடுத்து, முத்தம் கொடுத்து, பிரியை அவிழ்த்தாள். ஆட்டுக்குட்டி வந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆக்னஸம்மாளும் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். அது ஒரு ராஜா. அடுத்தது இடையன். அதற்கடுத்தது கழுதை. பன்னிரண்டையும் அவிழ்த்துத் தரையெல்லாம் வைக்கோலான பிறகு, வெறும் பெட்டியின் அடியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். ஆக்னஸம்மாள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியை உருவி, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, பெட்டியின்மேல் வைத்தாள்.

வன்னியபெருமாள் வாசலிலேயே நின்றான். உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். வழக்கம்போல நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அவனைத் தாண்டித் தங்கத்தாய் உள்ளே நடந்தாள்.

நெற்றியில் திருநீறு, சேலையில் இருபது மைல் புழுதி, முந்தானைக்குள் பிள்ளை. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ஒருத்தரும் நீ யார் என்று கேட்கவில்லை. பீடத்துக்கு முன்னால் போய் நின்று முந்தானையை விலக்கினாள். அப்போதுதான் வன்னியபெருமாளுக்கு வாய் வந்தது. மழையும் ஆட்டுக்குட்டியும் காடியும், ஆவணி மாதத்தில் நடந்ததும், தெருவுக்குள் திரும்பாமல் ஒளிந்து போனதும், ஒன்றைக்கூட மறைக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னான். குற்றம் என்னுடையது, ஆக்னஸக்கா மேல் தப்பில்லை என்று முடித்தான்.

சாமியார் வயசாளி, கோபக்காரர் என்று பேர் வாங்கினவர். அவன் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான். சாமியார் ஒரு முக்காலியை இழுத்துப் பீடத்தின் முன்னால் போட்டு, தங்கத்தாயை உட்காரச் சொன்னார்.

"வருஷா வருஷம் நாங்க பாலனைப் பெட்டியிலருந்து பீடத்துக்குத் தூக்கிட்டு வருவோம். பத்தடி தூரம்," என்றார். "இந்த வருஷம்தான் ஒரு தாய் கொண்டுவந்திருக்கா. நீயே வச்சிரும்மா. நாங்க உங்கிட்ட வந்து முத்தி செய்யுறோம்."

அவரே முதலில் மண்டியிட்டு, அவள் மடியிலிருந்த பாதத்தில் முத்தமிட்டார். அவருக்குப் பின்னால் தெரு வந்தது. ஆழத்தில் முங்கி முங்கிக் காது செவிடான சங்குகுளிகாரர்கள், மீன் செதில் ஒட்டின கைகளோடு பெண்கள், கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள், வலைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வந்து, பேர் தெரியாத ஒரு வேளாண்குடிப் பெண்ணின் முன்னால் குனிந்தார்கள். சிலர் முத்தமிட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். கடலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒருத்தி, பிள்ளையின் பாதத்தைத் தொட்டதோடு தங்கத்தாயின் கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வன்னியபெருமாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் வீட்டுக் காடியிலிருந்து எழுந்து வந்த ஒன்றின் முன்னால் ஓர் ஊரே மண்டியிடுகிறது. அவளுடைய மடியில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த அதிசயம் தாங்க முடியாமல் அவனும் வரிசையில் போய் நின்று, தன் பெஞ்சாதியின் முன்னால் முழங்கால் போட்டான்.

கடைசி ஆளும் போயாயிற்று. இனி பிள்ளையைக் கொடுக்க வேண்டும். யாரும் கை நீட்டவில்லை. சாமியாரும் நீட்டவில்லை, ஆக்னஸம்மாளும் நீட்டவில்லை. எடுத்துக்கொள்ள ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. தங்கத்தாய் பிள்ளையின் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக, நெற்றியை, காதை, தூக்கின கையை எல்லாம் பார்த்து முடித்தாள். பிறகு எழுந்து, வைக்கோலுக்கு நடுவில் கை குவித்து நின்ற மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் போய்க் குனிந்தாள்.

"இந்தாம்மா, ஒம்பிள்ள," என்று சொல்லிக் கிடத்தினாள்.

ஆக்னஸம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாவியை யாரோ எடுத்து ஆக்னஸம்மாளின் இடுப்பிலேயே செருகிவிட்டார்கள். கடவுள் நம்மேல் வைத்த அன்பைப் பற்றி அன்றைக்குச் சொல்ல ஒரு பிரசங்கம் தயார் செய்து வந்திருந்த சாமியார், தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சொந்தப் பிள்ளையைக் கையில் எடுத்துக் கொடுப்பது எப்படி என்று இப்போது பார்த்தீர்களே, அவ்வளவுதான் என்றார். அந்தத் தெருவில் அவர் செய்த ஆகச் சின்னப் பிரசங்கம் அதுதான்.

திரும்பும்போது முக்காணி வரைக்கும் வன்னியபெருமாள் அடிக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தங்கத்தாய் காலியான மடிமேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவனால் படிக்க முடியவில்லை. வண்டி ஆற்றங்கரைப் பாதையில் திரும்பி, ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினான். "நம்ம பிள்ளைய எங்கன வச்சீய?"

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவன் இறங்கினான். கை கொடுத்து அவளை இறக்கி, கரையோரமாகக் கூட்டிக்கொண்டு போனான். மருதமரம் ஒன்றின் வேருக்குப் பக்கத்தில், புல் மூடின ஒரு சின்ன மேட்டைக் காட்டினான். தங்கத்தாய் அதன் அருகே உட்கார்ந்து புல்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டாள்.

இதைக்கூட ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவனும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"பொம்பளப் பிள்ள," என்றான். "தல நெறய முடி. மூக்கு ஒன்னைய மாதிரியே இருந்துச்சு. போற வழியில துணிய வெலக்கிப் பாத்தேன். வலது கைய இறுக்க மூடி வச்சிருந்தா. இந்தா, இந்த வெரல உள்ள வச்சு மெதுவா விரிச்சுவிட்டேன்."

அவன் நீட்டின விரலைத் தங்கத்தாய் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் சொல்லுங்க," என்றாள்.